பனித்தளத்தில் ஒரு முஸ்லிம் வீரர்: நாஸிம் கத்ரியின் வாழ்வும் நமக்கான படிப்பினையும்



சில வாரங்களுக்கு முன்பு, அஸருக்குப் பிந்தைய மக்தப் வகுப்பில் பாடம் முடித்துக் கிதாபுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். "ஹஜ்ரத், ஐஸ் மேல் ஹாக்கி விளையாடுகிறார்களே, அதில் நம்மவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். தம் அத்தாவின் கைப்பேசியில் அந்த ஆட்டத்தின் காட்சியொன்றைப் பார்த்திருக்கிறார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கோவையில் வாழும் நமக்குப் பனிக்கட்டி என்றால் உக்கடம் மீன் சந்தையில் உடைத்துப் போடும் ஐஸ் பார்தான் நினைவுக்கு வரும். அதன் மேல் ஓர் ஆட்டம் நடக்கும் என்பதும், அதற்கென மாபெரும் அரங்குகள் உண்டு என்பதும் நம் பிள்ளைகளுக்குக் கதை போலத் தோன்றக்கூடும்.

அந்த மாணவரின் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்துகொண்ட ஒரு வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். விளையாட்டைப் பற்றிப் பேசுவது மட்டும் இதன் நோக்கமன்று. சொந்த ஊரை விட்டுப் புலம்பெயர்ந்த ஒரு குடும்பம், சினத்தால் பலமுறை சறுக்கிய ஓர் இளைஞர், வெறுப்பைச் சந்தித்த வேளையில் அவர் காட்டிய நிதானம் ஆகியவை இதில் இருக்கின்றன. நம் வீடுகளுக்கும் நம் நகருக்கும் இவற்றோடு தொடர்பு உண்டு.

எப்படிப்பட்ட ஆட்டம் இது?

ஐஸ் ஹாக்கி கனடாவில் வளர்ந்த ஆட்டம். உள்ளரங்கில், முறையான ஏற்பாட்டோடு நடந்த முதல் ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியல் நகரில் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சுமார் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து வீரர்கள் சறுக்கி ஓடுவர். பந்துக்குப் பதிலாகப் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அதன் எடை ஏறத்தாழ 170 கிராம். கோல்காப்பாளரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பர். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகம் அதிகம் என்பதால் ஒரு வீரர் ஒரு நிமிடம்கூட முழுமையாகத் தொடர்ந்து நிற்பது அரிது. மாற்று வீரர்கள் இடைவிடாமல் இறங்கிக்கொண்டே இருப்பர்.

நாம் அறிந்த புல்தரை ஹாக்கிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த ஆட்டத்தில், வட்டை வைத்திருக்கும் எதிரணி வீரரைத் தோளாலும் உடலாலும் மோதித் தடுப்பதற்கு விதி இடமளிக்கிறது. ஆனால் தலையில் மோதுவதும், மட்டையால் தாக்குவதும் குற்றம். அனுமதிக்கும் குற்றத்துக்கும் நடுவிலுள்ள கோடு மிக மெல்லியது. கோபக்காரர் ஒருவருக்கு இதைவிடச் சோதனையான களம் இருக்க முடியாது.

வட அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் மோதும் தேசிய ஹாக்கி லீக் 1917 இல் தொடங்கப்பட்டது. அதன் வெற்றியாளருக்கு அளிக்கப்படுவது ஸ்டான்லி கோப்பை. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892 இல் வழங்கிய கோப்பை அது. வென்ற வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்படும். அத்துடன், வென்ற ஒவ்வொருவரும் ஒரு நாள் அக்கோப்பையைத் தாம் விரும்பும் இடத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பது வழக்கம். இந்த வழக்கம்தான் நம் வரலாற்றின் முக்கியமான இடத்தில் வரப்போகிறது.

பெக்கா பள்ளத்தாக்கிலிருந்து கனடாவுக்கு

கனடாவுக்கு முஸ்லிம்கள் சென்ற வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. இன்றைய லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குக் கிராமங்களிலிருந்து சென்றவர்கள் தொடக்கத்தில் தலைச்சுமை வணிகர்களாகவும் சிறு கடைக்காரர்களாகவும் வாழ்ந்தனர். உறைபனிக் காலத்திலும் பண்ணை பண்ணையாக அலைந்து துணியும் ஊசிநூலும் விற்றனர். குதிரை வணிகத்தோடு சேர்த்துப் பேசப்படும் இராவுத்தர் குடும்பங்களும், துணி மூட்டை சுமந்து ஊர் ஊராகச் சென்ற நம் பாட்டனார்களும் வாழ்ந்த கொங்கு மண்ணில், அந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

எட்மண்டன் நகரில் 1938 ஆம் ஆண்டு அல்ரஷீத் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. கனடாவின் முதல் பள்ளிவாசல் அதுவே. அதற்கான நிலத்தைக் கேட்டு நகர மேயரைச் சந்தித்தவர்களுள் முன்னின்றவர் ஹில்வி ஹம்தான் என்ற லெபனானியப் பெண்மணி. கடை கடையாகச் சென்று அவரும் தோழியரும் நிதி திரட்டினர். முஸ்லிமல்லாத வணிகர்களும் வாரி வழங்கினர். அண்டை வீட்டாரோடு நல்லுறவைப் பேணியவர்களுக்கு அல்லாஹ் எந்த வாசல் வழியாக உதவியைத் திறப்பான் என்பதற்கு இது ஒரு சான்று.

இதே பெக்கா பகுதியைச் சேர்ந்த கத்ரி குடும்பம் 1960களின் இறுதியில் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் குடியேறியது. இங்கிலாந்தின் தலைநகர் வேறு. இந்த லண்டன் வேறு. அங்கே வளர்ந்த சமீர் கத்ரிக்குச் சிறுவயதில் ஐஸ் ஹாக்கியின் மீது மிகுந்த ஆசை. ஆனால் காலணி, கவசம், தலைக்கவசம், மட்டை, பயிற்சிக் கட்டணம் என அது செலவு மிகுந்த ஆட்டம். புதிதாகக் குடியேறிய குடும்பத்தால் அதைத் தாங்க இயலவில்லை. தமக்கு ஒரு மகன் பிறந்தால் அவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1990 அக்டோபர் 6 அன்று அந்த மகன் பிறந்தார். நாஸிம் என்று பெயரிட்டனர். ஒழுங்குபடுத்துபவர், சீராக்குபவர் என்பது அந்த அரபுப் பெயரின் பொருள். நம் மதரஸாக்களில் நிர்வாகப் பொறுப்பு வகிப்பவரை இதே பெயரால்தான் அழைக்கிறோம். அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, இந்தப் பெயரின் பொருளை அவர் அடைவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்றே எனக்குத் தோன்றியது.

உயர்வும் சறுக்கலும்

சிறு வயதிலேயே சறுக்குக் காலணி அணிந்த நாஸிம், பதின்ம வயதில் ஒண்டாரியோ இளையோர் லீக்கில் கிச்சனர் அணிக்கும், பின்னர் சொந்த ஊரின் லண்டன் நைட்ஸ் அணிக்கும் ஆடினார். 2009 ஆம் ஆண்டு தேசிய லீக்கின் வீரர் தேர்வில் ஏழாவது இடத்தில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். 2016-17, 2017-18 ஆகிய இரு பருவங்களிலும் தலா 32 கோல்கள் அடித்தார். கனடாவின் மிகப் பெரிய நகரின் அணி அது. ரசிகர்களின் அன்பும் மிகுதி, எதிர்பார்ப்பும் மிகுதி.

ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. ஆட்டத்தின் சூட்டில் தம்மை மறந்துவிடுவார். 2018 இறுதிச்சுற்றுத் தொடரில் பாஸ்டன் அணி வீரர் ஒருவர் மீது முறைகேடாக மோதியதற்காக மூன்று ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தொடரில் டொராண்டோ தோற்றது. மறு ஆண்டு அதே பாஸ்டனுக்கு எதிராக மீண்டும் அதே தவறு. எதிரணி வீரரை மட்டையால் தாக்கினார். அச்சுற்றின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை. அவர் வெளியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய அணி ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது.

அணி நிர்வாகத்தின் பொறுமை முடிந்தது. 2019 ஜூலை 1 அன்று அவரைக் கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு மாற்றிவிட்டனர். பத்தாண்டுகள் பாடுபட்ட இடத்திலிருந்து சில நொடிக் கோபம் அவரை வெளியேற்றியது.

அங்கேயாவது பாடம் கற்றாரா? இல்லை. 2021 இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி வீரர் ஒருவரின் தலையில் மோதினார். இம்முறை எட்டு ஆட்டங்கள் தடை. அத்தடை முடிவதற்குள் அவருடைய அணி அடுத்த சுற்றில் தோற்று வெளியேறிவிட்டது. இந்த மனிதரை முக்கியமான நேரத்தில் நம்ப முடியாது என்று விமர்சகர்கள் எழுதினர். அந்த விமர்சனத்தை நாம் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அவர் முஸ்லிம் என்பதற்காக அவருடைய தவறு சரியாகிவிடாது. நம்மவர் செய்தால் நியாயம், பிறர் செய்தால் அநியாயம் என்ற அளவுகோல் நம் மார்க்கத்தில் இல்லை.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனை வலிமையானவன் என்று எண்ணிக்கொண்டிருந்த மக்களிடம், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே உண்மையில் வலிமையானவன் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். அறிவுரை வேண்டி வந்த ஒரு தோழருக்கு, கோபம் கொள்ளாதீர் என்னும் ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்ப வழங்கியதும் புகாரியில் உள்ளது. சிறு வயதிலிருந்தே இந்த ஹதீஸ்களை நாம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். ஆனால் ஒரு நொடிச் சினத்துக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை உணர்த்த, நாஸிம் கத்ரியின் மூன்று தடைகளைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2022 மே மாதம்

அடுத்த பருவத்தில் வேறொரு நாஸிம் கத்ரியைப் பார்த்தனர். 71 ஆட்டங்களில் 28 கோல்களை அடித்ததோடு, 59 கோல்களுக்குத் துணைநின்றார். அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த பருவமாக அதுவரை அமைந்தது அதுவே. இறுதிச்சுற்றுத் தொடரின் இரண்டாம் கட்டத்தில் எதிரே வந்தது, முந்தைய ஆண்டு மோதிய அதே செயின்ட் லூயிஸ் அணி.

மே 21 அன்று மூன்றாவது ஆட்டத்தில், வட்டைத் துரத்திச் சென்ற கத்ரியும் எதிரணிப் பின்காப்பு வீரர் ஒருவரும் ஒருவரோடொருவர் உரசி, வேகம் தாளாமல் செயின்ட் லூயிஸ் கோல்காப்பாளர் மீது விழுந்தனர். கோல்காப்பாளரின் காலில் அடிபட்டது; அத்தொடரில் அவர் மீண்டும் ஆடவில்லை. நடுவர்கள் அதைக் குற்றமாகக் கருதவில்லை. லீக் நிர்வாகமும் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் சமூக ஊடகங்களில் தீர்ப்பு வேறாக இருந்தது. அவருடைய மதத்தையும் இனத்தையும் இழிவுபடுத்தும் செய்திகளும் கொலை மிரட்டல்களும் குவிந்தன. பயங்கரவாதி என்ற சொல்லும் தாராளமாக வீசப்பட்டது. அவருடைய மனைவி அச்செய்திகளுள் சிலவற்றைப் பொதுவெளியில் வெளியிட்டார். காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டு, பாதுகாப்பு கூட்டப்பட்டது.

இங்கே கொஞ்சம் நின்று சிந்திக்க வேண்டும். முந்தைய ஆண்டு அவர் உண்மையிலேயே தவறு செய்தார். அதற்குரிய தண்டனையையும் பெற்றார். அது ஆட்டக்காரர் ஒருவரின் தவறு. 2022 இல் நடந்தது தற்செயலான மோதல். ஆனால் அவர்மீது வீசப்பட்ட சொற்கள் ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. அவர் எந்த மார்க்கத்தில் பிறந்தார் என்பதைப் பற்றியவை.

இரண்டு நாள் கழித்து, மே 23 அன்று அதே நகரில் நான்காவது ஆட்டம். வட்டு அவரிடம் வரும்போதெல்லாம் அரங்கமே கூச்சலிட்டது. பழைய கத்ரியாக இருந்திருந்தால் அன்று யாரோ ஒருவர் மீது பாய்ந்திருப்பார். மீண்டும் தடை, மீண்டும் வெளியேற்றம் என்று முடிந்திருக்கும். எதிரணியினர் அவரைச் சீண்டவும் செய்தனர். அவரோ அன்று மூன்று கோல்கள் அடித்தார். கொலராடோ 6-3 என்று வென்றது.

ஆட்டம் முடிந்தபின் அவர் பேசியதில் ஒரு செய்தி என் மனத்தில் நின்றுவிட்டது. இத்தகைய வெறுப்பு இன்றும் நடக்கிறது என்பதை உலகம் அறிய வேண்டும் என்றவர், செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் அனைவரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொன்னார். சிலர் செய்த குற்றத்தை ஓர் ஊரின் மீது சுமத்த அவர் மறுத்தார். தம் மீது அதே அநீதி இழைக்கப்பட்ட அதே வாரத்தில், அவர் அதைத் திருப்பிச் செய்யவில்லை. மூன்று கோல்களை விட இதுவே பெரிய வெற்றி என்பேன்.

முறிந்த விரலும் கோப்பையும்

அடுத்த சுற்றில், ஜூன் 4 அன்று எட்மண்டன் அணி வீரர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளியதில் சுவரில் மோதி, கத்ரியின் கைக் கட்டைவிரலில் பலத்த காயம் ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. தள்ளியவர், 2020 இல் இனவெறிக்கு எதிராக ஐஸ் ஹாக்கி வீரர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பில் கத்ரியோடு நிறுவனராக இருந்தவர். ஆட்டக் களத்தின் சூடு நண்பர்களையும் என்ன செய்யும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

பருவம் முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். ஆனால் மூன்று வாரம் நிறைவதற்குள், ஜூன் 22 அன்று டாம்பா பே லைட்னிங் அணிக்கு எதிரான இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில் காயத்தோடு களமிறங்கினார். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது. கத்ரி அடித்த வட்டு கோல்காப்பாளரைக் கடந்து வலையின் மேற்பகுதியில் சிக்கிக்கொண்டது. அது எங்கே போனது என்று சில நொடிகள் யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் அது வெற்றிக் கோல் என்று உறுதியானது. ஜூன் 26 அன்று ஆறாவது ஆட்டத்தில் 2-1 என வென்று கொலராடோ கோப்பையைக் கைப்பற்றியது. ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் என்று நாஸிம் கத்ரியின் பெயர் பதிவாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டில் கால்கரி ஃபிளேம்ஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 4.9 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2019 இல் இதே கால்கரிக்கு மாற்ற டொராண்டோ முயன்றபோது அவர் மறுத்திருந்தார். மறுத்த ஊரே பின்னர் வாழ்வாதாரமாக அமைந்தது. நமக்கு விதிக்கப்பட்ட ரிஸ்க் எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிவதில்லை.

பள்ளிவாசலுக்கு வந்த கோப்பை

கோப்பையோடு கழிக்கும் அந்த ஒரு நாள், கத்ரிக்கு 2022 ஆகஸ்ட் மாதத்தில் வாய்த்தது. அவர் அதைத் தம் சொந்த ஊருக்குக் கொண்டு சென்றார். நகரின் பழமையான லண்டன் முஸ்லிம் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்று, திரண்டிருந்த மக்களின் நடுவே உயர்த்திக் காட்டினார்.

அந்தப் பள்ளிவாசலுக்கு அது ஏன் பெரிய நாள் என்பதை அறிய, ஓராண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2021 ஜூன் 6 அன்று மாலை, அதே நகரில் நடைப்பயிற்சிக்குச் சென்ற பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் மீது, அவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காகவே ஒருவன் வாகனத்தை ஏற்றினான். பாட்டி, மகன், மருமகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் நால்வர் உயிரிழந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன் மட்டும் படுகாயத்துடன் உயிர் பிழைத்தான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கொலையாளிக்கு 2024 இல் ஆயுள் தண்டனை விதித்த நீதிபதி, அச்செயலைப் பயங்கரவாதம் என்று குறிப்பிட்டார்.

அச்சத்தோடு தெருவில் நடந்த பிள்ளைகள் வாழும் ஊர் அது. ஹிஜாப் அணிந்து வெளியே செல்லலாமா என்று தாய்மார்கள் யோசித்த ஊர் அது. அங்கே, நாடே கொண்டாடும் ஒரு கோப்பையை, அவ்வூரில் பிறந்து வளர்ந்த ஒருவர் பள்ளிவாசலுக்குத் தூக்கி வந்தார். நாங்களும் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று மேடை போட்டுப் பேச வேண்டிய தேவையே அன்று எழவில்லை. அந்நகரின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மையத்துக்கும் அவருடைய அறக்கட்டளை பத்து லட்சம் டாலர் வழங்கியது. அங்கே சிகிச்சை பெறுபவர் எந்த மதத்தவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நம் நகரும் நம் பிள்ளைகளும்

இதை எழுதும்போது நம் கோவையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த குண்டுவெடிப்புகளும் இந்நகருக்கு ஏற்படுத்திய காயம் ஆழமானது. எத்தனையோ குடும்பங்கள், எல்லாச் சமயத்தவரும், தங்கள் அன்புக்குரியவர்களை இழந்தனர். அப்பாவிகளைக் கொல்வதற்கு மார்க்கத்தில் எள்ளளவும் இடமில்லை. அப்போது நான் ஓதிக்கொண்டிருந்த மாணவன். அதன்பின் சில ஆண்டுகள் கழித்து வாடகைக்கு வீடு தேடியபோது, நல்ல முறையில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், என் பெயரைக் கேட்டதும் வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றார். அன்று எனக்கும் கோபம் வந்தது. அந்தத் தெருவையே வெறுத்தேன்.

பிறகு வேறொரு தெருவில், முஸ்லிமல்லாத முதியவர் ஒருவர், முன்பணத்தைக்கூட முழுமையாகக் கேட்காமல் சாவியைத் தந்தார். "பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவங்க, இருங்க தம்பி" என்றார். முதலில் மறுத்தவரைக் கொண்டு ஊரை அளந்த நான், அந்த முதியவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம் செய்திருக்கிறேன் என்று வெட்கப்பட்டேன். எல்லா ரசிகர்களும் அப்படியல்லர் என்று கத்ரி சொன்னதைப் படித்தபோது அந்த முதியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளைகளும் வாழ்க்கையில் என்றேனும் ஒரு நாள் இத்தகைய சொல்லைக் கேட்கக்கூடும். பள்ளியில், கல்லூரியில், வேலையிடத்தில், கைப்பேசித் திரையில் என எங்கும் அது வரலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? அநீதியை மறைக்க வேண்டியதில்லை. கத்ரியின் குடும்பம் மறைக்கவில்லை, காவல்துறையிடம் சென்றது. அதே சமயம் கை ஓங்கவும் இல்லை, ஊரை ஏசவும் இல்லை. தம் வேலையை முன்பைவிடச் சிறப்பாகச் செய்து காட்டினார். தீமையை அதைவிட அழகியதைக் கொண்டு எதிர்கொள்ளுமாறு குர்ஆன் நமக்கு வழிகாட்டுகிறது. ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின் 34 ஆம் வசனத்தைப் பெற்றோர்கள் பிள்ளைகளோடு அமர்ந்து தஃப்ஸீருடன் வாசிக்க வேண்டுகிறேன்.

விளையாட்டு வீண் என்று ஒதுக்கும் பெற்றோரும் நம்மில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததை அபூதாவூதில் படிக்கிறோம். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதை அண்ணலார் அனுமதித்தது புகாரியில் உள்ளது. தொழுகையைப் பாழாக்காத, சூதும் ஆபாசமும் கலவாத விளையாட்டுக்கு மார்க்கம் தடை விதிக்கவில்லை.

நம் நாட்டிலேயே முன்மாதிரிகளுக்குக் குறைவில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வீழ்த்திய அந்த அணியில் வாரணாசியின் முஹம்மது ஷாஹித்தும், ஸஃபர் இக்பாலும் இருந்தனர். சென்னையைச் சேர்ந்த முஹம்மது ரியாஸ் 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். 1998 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றவர். இன்னும் வடக்கே, கார்கில், திராஸ் பகுதிகளில் முஸ்லிம் இளைஞர்கள் குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுகின்றனர். ஆக, என் மாணவரின் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாஸிம் கத்ரியை நான் மார்க்கத்தில் முன்மாதிரியாக நிறுத்தவில்லை. நமக்கு முன்மாதிரி அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே. தொழில்முறை விளையாட்டு உலகில் நமக்கு ஒவ்வாத பழக்கங்கள் பல உண்டு. பிள்ளைகளுக்கு அவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும. ஒருவருடைய ஈமானின் எடையை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. தவறிய மனிதர் திருந்திய இடத்தையும், வெறுப்பைச் சந்தித்தவர் நிதானம் காத்த இடத்தையும் மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

மறுநாள் அந்த மாணவரை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். கோல்களைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஒன்பது வயதுப் பையன் இப்போது நன்றாக இருக்கிறானா ஹஜ்ரத்?" என்று கேட்டார். வகுப்பிலிருந்த பிள்ளைகள் அனைவரையும் கையேந்தச் சொல்லி, அச்சிறுவனுக்காக துஆச் செய்தோம்.

வல்ல ரஹ்மான் அந்தச் சிறுவனுக்கு ஆறுதலையும் நல்வாழ்வையும் வழங்குவானாக! நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும், அதைவிட மேலான மன அடக்கத்தையும் தருவானாக! எல்லாச் சமயத்தவரும் அச்சமின்றி வாழும் ஊராக நம் கோவையை ஆக்குவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.